பதின்ம வயதினரின் சமூகப் பதற்றம்: எந்தத் தரவை எடுப்பது, எந்த மாடலை நம்புவது?

உளவியல் முதுகலை மாணவர்களும் கணினி அறிவியல் மாணவர்களும் சேர்ந்து செய்யும் ப்ராஜெக்ட்டுகளில் இப்போது அடிக்கடி எட்டிப்பார்க்கும் தலைப்பு இது: பதின்ம வயதினரின் சமூகப் பதற்றத்தை, அவர்கள் இணையத்தில் விட்டுச்செல்லும் தடயங்களிலிருந்து மெஷின் லேர்னிங் (தரவிலிருந்து கணினி தானே கற்கும் முறை) கொண்டு புரிந்துகொள்வது. நல்ல தலைப்பு, தேவையான தலைப்பு. ஆனால் யோசனை கேட்டு வருகிறவர்களில் பலரும் எடுத்த எடுப்பிலேயே "எந்த மாடல் போடலாம் சார், பெர்ட்டா, எல்எல்எம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். (இரண்டும் எழுத்தைக் கற்ற மொழி மாடல்கள்; எல்எல்எம் என்பது சாட்ஜிபிடி போன்ற பெரிய வகை.) அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. யாருடைய தரவை எடுக்கப் போகிறீர்கள்? அந்தப் பிள்ளைக்குச் சமூகப் பதற்றம் இருக்கிறது என்று யார் சொன்னது? இவற்றுக்குத் தெளிவான பதில் இருந்தால் மாடல் பற்றிய கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும். பதில் இல்லையென்றால், எவ்வளவு பெரிய மாடல் போட்டாலும் வருகிற எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

எனவே முதலில் தரவு வழிகளை ஒப்பிடுகிறேன். மாடல்கள் பிறகு.

எதை அளக்கிறோம்

எல்லாக் கூச்சமும் சமூகப் பதற்றம் ஆகிவிடாது. நாலு பேர் பார்க்கும்போது தப்பாகப் பேசிவிடுவோம், கை நடுங்குவது தெரிந்துவிடும், கேலி செய்வார்கள் என்ற பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் நட்பையும் கெடுக்கும்போதுதான் அதைக் கோளாறு என்று வகைப்படுத்துகிறது 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடு. பிள்ளைகளுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஆசிரியர், உறவினர் முன்னால் மட்டும் பயந்தால் போதாது, சம வயதுப் பிள்ளைகள் நடுவிலும் அந்தப் பயம் வர வேண்டும். அமெரிக்காவில் 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கோளாறு இருந்தவர்கள் 9.1 சதவீதம். பெண்பிள்ளைகளில் 11.2, ஆண்பிள்ளைகளில் 7.0.

இந்தக் கோளாற்றின் மையத்தில் இருப்பது தவிர்ப்பு. பயம் தரும் இடத்துக்குப் போகாமல் இருப்பது, போனாலும் பேசாமல் இருப்பது. இணையத்தில் அது எப்படித் தெரியும்? குரூப்பில் எல்லா மெசேஜையும் படித்துவிட்டு ஒரு பதிலும் போடாத பிள்ளை. 'லாஸ்ட் சீன்', 'ப்ளூ டிக்' இரண்டையும் அணைத்து வைத்திருக்கும் பிள்ளை. ஒரு ஸ்டோரி போட்டு, லைக் வரவில்லை என்று பத்து நிமிடத்தில் அழித்துவிடும் பிள்ளை. எழுதி, திருத்தி, மறுபடி எழுதி, கடைசியில் அனுப்பாமலே விட்ட மெசேஜ். சமூகப் பதற்றம் உள்ளவர்கள் பதிவு போடுவதைவிட அடுத்தவர் போட்டதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பக்கம் சாய்கிறார்கள் என்பது இந்தத் துறை ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சுட்டப்பட்ட விஷயம். பதிவுகளின் எழுத்தை மட்டும் வைத்துக் கட்டும் எந்த மாடலும், நாம் தேடும் பிள்ளைகளில் அதிகம் பாதிக்கப்பட்டவர்களை ஆரம்பத்திலேயே விட்டுவிடுகிறது. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

முதல் வழி: பொதுப் பதிவுகளை அள்ளுவது

பெரும்பாலோர் போகும் பாதை இது. காரணம் எளிது: தரவு தயாராக இருக்கிறது, அனுமதிக் கடிதம் எதுவும் வேண்டாம் என்ற எண்ணம், ஒரு வாரத்தில் லட்சம் வரிகள் கையில். ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் சமூகப் பதற்றத்துக்கென்றே ஒரு பெரிய குழு இயங்குகிறது. 2020இல் டேனியல் லோ தலைமையில் வெளிவந்த ஆய்வு ஒன்று, மனநலம் சார்ந்த 15 ரெடிட் குழுக்களையும் வேறு சில பொதுக் குழுக்களையும் எடுத்து, எட்டு லட்சத்துக்கும் அதிகமான பயனர்களின் பதிவுகளைக் கோவிட் காலத்தை ஒட்டி அலசியது. சமூகப் பதற்றக் குழுவும் அந்தப் பதினைந்தில் ஒன்று. அந்தத் தரவுத்தொகுப்பு பொதுவெளியில் கிடைக்கிறது. 2023இல் ரெடிட் தன் ஏபிஐக்கு (நிரல் வழியாகத் தரவை எடுக்கும் வாயில்) கட்டணம் வைத்த பிறகும், ட்விட்டர் இலவச அணுக்கத்தை நிறுத்திய பிறகும் புதிதாக அள்ளுவது கடினமாகிவிட்டதால், பலர் இப்படிப்பட்ட பழைய தொகுப்புகளையே நம்புகிறார்கள்.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. பிள்ளைகள் தங்கள் பயத்தை எந்த வார்த்தைகளில் சொல்கிறார்கள், எந்தச் சூழல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பார்க்க ரெடிட் வளமான இடம். போன் எடுக்க பயம், கேன்டீனில் தனியாகச் சாப்பிட பயம், வருகைப்பதிவில் பெயர் கூப்பிடும்போது 'பிரசென்ட்' சொல்ல பயம். கேள்வித்தாள் எழுதியவர்களுக்குத் தோன்றாத சூழல்கள் அங்கே கிடைக்கும்.

ஆனால் இதை வைத்து 'கண்டறியும் மாடல்' கட்டப் போனால் மூன்று இடங்களில் அடி விழும்.

ஒன்று, வயது. ரெடிட்டில் கணக்கு தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சுயவிவரத்தில் வயது தெரியாது. சிலர் பதிவின் தொடக்கத்தில் வயதையும் பாலினத்தையும் அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், தன் வயதைப் பொதுவில் சொல்லத் தயங்காதவர்களின் தரவு அது. 2024 செப்டம்பரிலிருந்து இன்ஸ்டாகிராம் தன் 'டீன் அக்கவுண்ட்' முறையைக் கொண்டுவந்து (இந்தியாவுக்கு 2025 பிப்ரவரியில் அறிவித்தது) 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கணக்குகளை இயல்பிலேயே தனிப்பட்டதாக வைக்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கியத் தளங்களில் கணக்கு வைத்திருப்பதையே தடுத்திருக்கிறது. பொதுவெளியில் பதின்ம வயதினரின் தரவு ஆண்டுக்கு ஆண்டு குறையத்தான் போகிறது.

இரண்டு, லேபிள், அதாவது ஒவ்வொரு ஆளுக்கும் 'பதற்றம் உண்டு', 'இல்லை' என்று நாம் ஒட்டும் விடை. சமூகப் பதற்றக் குழுவில் பதிவு போட்டவர் எல்லோரும் 'ஆம்', பொதுக் குழுவில் போட்டவர் எல்லோரும் 'இல்லை' என்று வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தால், 95 சதவீதத் துல்லியம்கூட சாதாரணமாக வரும். மாடல் கற்றது என்ன? 'பதற்றம்' என்ற சொல் இருந்தால் ஆம், கிரிக்கெட் இருந்தால் இல்லை. தலைப்பைக் கற்றிருக்கிறது, ஆளைக் கற்கவில்லை. 2018இல் வந்த எஸ்எம்ஹெச்டி என்ற ரெடிட் மனநலத் தரவுத்தொகுப்பைக் கட்டியவர்கள் இதை உணர்ந்து, மனநலக் குழுக்களில் போட்ட பதிவுகளையும் மனநலச் சொற்கள் உள்ள பதிவுகளையும் நீக்கிவிட்டு, அதே ஆள் மற்ற இடங்களில் எழுதியதை மட்டும் வைத்தார்கள். அப்படிச் செய்தால் வேலை பல மடங்கு கடினமாகிறது, எண்களும் இறங்குகின்றன. அந்த இறங்கிய எண்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் எண்.

இதைவிட அழுத்தமான சான்று 2019இல் வந்தது. சிந்து எர்னாலா, முன்முன் டி சௌத்ரி உள்ளிட்டோர், சமூக ஊடகத்தில் 'எனக்கு இந்த நோய் உண்டு' என்று தானே சொன்னவர்களை வைத்துப் பயிற்சி கொடுத்த மாடல்களை, மருத்துவமனையில் உண்மையாகவே மனச்சிதைவு நோய்க்கு சிகிச்சை பெறுபவர்களின் பதிவுகளில் ஓட்டிப் பார்த்தார்கள். தன் சொந்தத் தரவில் நன்றாக ஓடிய மாடல்கள் நோயாளிகளிடம் தடுமாறின. மனச்சிதைவுக்கே இப்படி என்றால், வெளியில் சொல்லவே கூசுகிற சமூகப் பதற்றத்துக்குச் சுய அறிவிப்பை லேபிளாக எடுப்பது இன்னும் பலவீனமானது.

மூன்றாவது, மொழி. ரெடிட் தரவு பெரும்பாலும் ஆங்கிலம், அதிலும் அமெரிக்க ஆங்கிலம். சென்னை எஸ்.எஸ்.என். கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் நடத்திய மனச்சோர்வு அறிகுறி கண்டறியும் போட்டியில் தந்த தரவும் ரெடிட்டின் ஆங்கிலப் பதிவுகள்தான். பதிவுகளை மூன்று நிலைகளாகப் பிரித்து லேபிள் போட்டிருந்தார்கள். வகைப்படுத்தும் பயிற்சிக்கு அது பயனுள்ள தொகுப்பு. மதுரையிலோ மட்டக்களப்பிலோ உள்ள ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றி அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாம் வழி: கேள்வித்தாள்

அடுத்த கோடியில் இருப்பது, பள்ளிக்குப் போய், அனுமதி வாங்கி, அளவுகோல் கொடுத்து நிரப்பச் சொல்வது. பதின்ம வயதினருக்கென்றே உள்ள அளவுகோலை லா கிரேக்காவும் லோபஸும் 1998இல் வெளியிட்டார்கள். சுருக்கமாக எஸ்ஏஎஸ்-ஏ. 22 வாக்கியங்கள், அதில் 4 வெறும் நிரப்பிகள். மீதி 18இல் 8 பிறர் தன்னைத் தப்பாக மதிப்பிடுவார்கள் என்ற பயம், 6 புதியவர்கள் முன்னால் தவிர்ப்பு, 4 தெரிந்தவர்கள் நடுவிலும் தவிர்ப்பு. மொத்த மதிப்பெண் 18 முதல் 90 வரை. 50ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். இன்னும் சிறியது வேண்டும் என்றால் 2000இல் வந்த ஸ்பின் என்ற சமூகப் பதற்ற அளவுகோல், 17 வாக்கியங்கள்.

என்னைக் கேட்டால், இதை அலட்சியம் செய்துவிட்டு இந்தத் தலைப்பில் எந்த ஆய்வும் செய்யக் கூடாது. லேபிள் என்று நம்பி நிற்கக்கூடியது நேர்காணலுக்கு அடுத்தபடியாக இதுதான். அந்தப் பிள்ளையே, தன்னைப் பற்றி, சோதிக்கப்பட்ட வாக்கியங்களுக்குச் சொன்ன பதில். எழுதாமல் ஒதுங்கி இருக்கும் பிள்ளையும் இதில் அகப்படுவாள், ஏனென்றால் எல்லோரிடமும் தாள் போகிறது.

தமிழில் தருவதாக இருந்தால் ஒரு மாத வேலை கூடுதலாக இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். மொழிபெயர்ப்பது, வேறொருவரைக்கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவது, முப்பது பிள்ளைகளிடம் கொடுத்து எந்த வாக்கியத்தில் புருவம் சுருங்குகிறது என்று கேட்பது. தமிழ்வழி, ஆங்கிலவழி மாணவர்கள் ஒரே வாக்கியத்தை ஒரே மாதிரி புரிந்துகொள்கிறார்களா என்று பார்ப்பது. இதைத் தவிர்த்துவிட்டு, கிடைத்த தமிழாக்கத்தை அச்சடித்துக் கொடுத்தால் அடுத்த எல்லாப் படியும் ஆட்டம் காணும்.

குறை என்னவென்றால், இணையத்தில் என்ன நடக்கிறது என்று கேள்வித்தாள் சொல்லாது. "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இன்ஸ்டா பார்க்கிறாய்?" என்று கேட்டால் வரும் பதில் ஊகம்தான். அதை மாடலுக்குள் போட்டு 'இணையப் பயன்பாடு சமூகப் பதற்றத்தை முன்கணிக்கிறது' என்று எழுதும் ஆய்வறிக்கைகளை ஏற்பது எனக்குக் கடினம்.

மூன்றாம் வழி: பிள்ளைகளே தரும் தரவு

இன்ஸ்டாகிராமில் யார் வேண்டுமானாலும் தன் கணக்கின் முழுத் தகவலையும் தரவிறக்கலாம். அந்தக் கோப்பை, விவரம் சொல்லி, ஒப்புதல் பெற்று, பிள்ளையே ஆய்வுக்குக் கொடுப்பதுதான் தரவு நன்கொடை. அமெரிக்காவில் அஃப்சானே ராசி, பமேலா விஸ்னியூஸ்கி குழுவினர் 13 முதல் 21 வயது வரையுள்ளவர்களிடம் இப்படி இன்ஸ்டாகிராம் கோப்புகளைப் பெற்று, எந்த உரையாடல் தங்களுக்குச் சங்கடம் தந்தது என்று அவர்களையே குறிக்கச் சொன்னார்கள். அவர்கள் தேடியது இணைய ஆபத்துகள். முறை நமக்கும் பொருந்தும். லேபிளை வெளியாள் ஊகிக்காமல், வாழ்ந்தவரே போடுகிறார்.

கேள்வித்தாளோடு இதைச் சேர்த்தால் கிடைப்பது வேறெந்த வழியிலும் கிடைக்காதது. கோப்பில் ஒவ்வொரு மெசேஜுக்கும் நேரக்குறி மில்லிநொடி வரை இருக்கும். தோழி அனுப்பியதற்கும் இவள் பதில் அனுப்பியதற்கும் இடையே எத்தனை மணிநேரம், ஐந்து பேர் உள்ள குரூப்பில் இவள் பங்கு எத்தனை சதவீதம், உரையாடலை இவள் தொடங்கிய நாள் எத்தனை, லைக்குக்கும் கமென்ட்டுக்கும் உள்ள விகிதம் என்ன, இருவர் உரையாடலில் சரளமாகப் பேசுபவள் குரூப்பில் மௌனமாகிறாளா. எழுத்தை ஒரு வரிகூடப் படிக்காமல் இவை எல்லாவற்றையும் கணக்கிடலாம். தவிர்ப்பு தெரிவது இங்கேதான். அனுப்பாமல் அழித்த வரைவு இந்தக் கோப்பில் இருக்காது. அந்த இழப்பை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

நடைமுறையில் கை வைத்தால் தெரியும் சில விஷயங்கள். தரவிறக்கும்போது 'ஹெச்டிஎம்எல்' என்று இருப்பதை 'ஜேசான்' (நிரல் எளிதாகப் படிக்கும் கோப்பு வடிவம்) என்று மாற்றச் சொல்ல வேண்டும். மாற்றாவிட்டால் நிரலுக்குள் கொண்டுவருவது பெரும்பாடு. ஜேசானைத் திறந்தால் தமிழ் எதுவும் தமிழாக இருக்காது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். மெட்டாவின் ஏற்றுமதி அந்த மூன்றையும் தனித்தனி எழுத்துகளாக எழுதி வைக்கிறது. 'சரி' என்ற சொல் மேல்குறியிட்ட லத்தீன் எழுத்துகளும் புரியாத சின்னங்களுமாக நீண்டு கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகளிடம் மறுபடி கேட்கப் போக வேண்டாம். பைத்தானில் அந்தச் சரத்தை லத்தீன்-1 ஆகக் குறியேற்றி, யூடிஎஃப்-8 ஆகத் திரும்பப் படித்தால் ஒரே வரியில் தமிழ் வந்துவிடும். இமோஜிக்கும் இதுவே மருந்து. இதைச் செய்யாமல் சொல் எண்ணிக்கை, மெசேஜ் நீளம் என்று கணக்கிட்டால், தமிழில் எழுதும் பிள்ளைகள் எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகளைவிட மூன்று மடங்கு நீளமாக எழுதுவது போல் காட்டும்.

பெரிய சிக்கல் வேறு. அந்த மெசேஜ்களில் பாதி மற்றவர்கள் எழுதியது. அந்தத் தோழி ஒப்புதல் தரவில்லை. இதற்கு நான் ஏற்கும் தீர்வு ஒன்றுதான்: முழுக் கோப்பையும் வாங்கவே கூடாது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கிய 'போர்ட்' என்ற திறமூல மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. கோப்பு பிள்ளையின் சொந்தக் கணினியில், உலாவிக்குள்ளேயே திறக்கப்படும். நாம் எழுதிய நிரல் தேவையான எண்களை மட்டும் எடுக்கும். அவற்றை அந்தப் பிள்ளை பார்த்து, வேண்டாததை நீக்கி, சம்மதித்த பிறகே நமக்கு வரும். எழுத்து, பெயர், படம் எதுவும் வராது. பதிலளித்த இடைவெளி, பங்கு, விகிதம் என்ற எண்கள் மட்டும் வரும். எழுத்தையும் படிக்க வேண்டும் என்றால், அந்தப் பிள்ளையே எழுதிய வரிகளை மட்டும், தனியாக ஒப்புதல் வாங்கி, ஒரு சிலரிடம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாதவர். பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்வதும் நடத்தையைக் கண்காணிப்பதும் தடை. ஆய்வுக்கென்று ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட எந்த நபரைப் பற்றியும் முடிவெடுக்கக் கூடாது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின, முக்கியப் பொறுப்புகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி பெற்றோர் ஒப்புதலோடு, 12 முதல் 18 வயதுப் பிள்ளையின் எழுத்துபூர்வ இசைவும் வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காகப் பிள்ளை தன் இன்ஸ்டாவைத் தந்தாக வேண்டியதில்லை. வகுப்பாசிரியர் முன்னால் கேட்டால் 'மாட்டேன்' என்று சொல்ல அதிகம் பயப்படுபவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். நாம் ஆய்வு செய்ய வந்திருக்கும் அதே பிள்ளைகள்தான். அதனால் மறுப்பை வாய்திறக்காமல் தெரிவிக்க வழி இருக்க வேண்டும். வீட்டிலிருந்து, ஆசிரியருக்குத் தெரியாமல், ஒன்றும் அனுப்பாமல் விட்டாலே மறுப்பு என்று வைக்கலாம்.

நான்காவதாக ஒரு வழியும் பேசப்படுகிறது: போனில் செயலி போட்டு இருப்பிடம், அழைப்பு, திரைநேரம் எல்லாவற்றையும் வாரக்கணக்கில் பதிவது. டார்ட்மத் கல்லூரியில் 2013இல் நடந்த ஸ்டூடன்ட்லைஃப் ஆய்வு இதற்கு முன்னோடி, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் ஜிபிஎஸ் தடத்தையும் சமூகப் பதற்றத்தையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டிலும் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் செய்யாதீர்கள்.

மாடல்கள்

கேள்வித்தாளோடு மூன்றாம் வழியில் போனால் கையில் இருப்பது சுமார் 50 பேரின் நடத்தை எண்கள், 300 அல்லது 400 பேரின் கேள்வித்தாள். இந்த அளவுக்கு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (சில எண்களிலிருந்து 'ஆம்/இல்லை' வாய்ப்பைக் கணிக்கும் எளிய புள்ளியியல் முறை), அதிலும் தரவை மனப்பாடம் செய்வதைத் தடுக்க எலாஸ்டிக் நெட் போன்ற கட்டுப்பாடு சேர்த்த வகை, தாராளமாகப் போதும். மருத்துவ முன்கணிப்பு மாடல்கள் பற்றிய 71 ஆய்வுகளை 2019இல் திரட்டிப் பார்த்த ஒரு மீள்பார்வை, சிக்கலான மெஷின் லேர்னிங் முறைகள் லாஜிஸ்டிக் ரிக்ரஷனைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை என்றே முடித்தது. 'ஆம்/இல்லை' என்று பிரிப்பதைவிட எஸ்ஏஎஸ்-ஏவின் மூன்று உட்பிரிவு மதிப்பெண்களைத் தனித்தனியே கணிப்பது இன்னும் நல்லது. பதில் தாமதம் 'புதியவர் தவிர்ப்போடு' சேர்ந்து நகர்கிறதா, 'மதிப்பீட்டு பயத்தோடு' நகர்கிறதா என்று கேட்டால்தான் 'புரிந்துகொள்வது' நடக்கும்.

எதைப் போட்டாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: தரவைப் பயிற்சி, சோதனை என்று பிரிக்கும்போது ஆள்வாரியாகப் பிரியுங்கள். மெசேஜ்வாரியாகப் பிரித்தால் ஒரே பிள்ளையின் பாதி மெசேஜ் இங்கும் பாதி அங்குமாக விழுந்து, மாடல் அந்தப் பிள்ளையின் நடையை மனப்பாடம் செய்துவிடும்.

எழுத்தைத் தொடுவதாக இருந்தால் நிலைமை மாறுகிறது. ஆங்கில ஆய்வுகளில் உளவியலாளர் பென்னபேக்கரின் எல்ஐடபிள்யூசி (LIWC) என்ற, எந்த வகைச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் சொற்பட்டியல் நீண்டகாலமாகப் புழங்குகிறது. 'நான்' என்று எத்தனை முறை வருகிறது என்பது அதில் ஒரு முக்கிய அடையாளம். நம் பிள்ளைகள் "கேட்கணும்னு தோணுச்சு, கேட்கல" என்று எழுதுவார்கள். அதில் 'நான்' எங்கும் இல்லை. அந்தப் பட்டியலை அப்படியே தமிழாக்கி எண்ணினால் பொய்யான எண் வரும். போதாததற்கு, பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அதிகம் எழுதுகிறார்கள், ஒரே சொல்லுக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டல். இதற்கு ஏற்றவை பன்மொழி மாடல்களான எக்ஸ்எல்எம்-ஆரும் கூகுளின் முரிலும். முன்னதன் பயிற்சித் தரவில் ஆங்கில எழுத்துத் தமிழும் இருந்தது. பின்னது இந்திய மொழிகளின் எழுத்துப்பெயர்ப்பையும் சேர்த்தே பயிற்சி பெற்றது. ரெடிட் பதிவுகளில் மேலும் பயிற்சி கொடுத்த மென்டல்பெர்ட் மாடலின் பெயர் கவர்ச்சியாக இருந்தாலும் அதற்குத் தெரிந்தது ஆங்கிலம்.

எல்எல்எம் பற்றி என் முடிவு: கணிப்பாளராக வேண்டாம், உதவியாளராகச் சரி. "இந்தப் பிள்ளைக்குச் சமூகப் பதற்றம் உண்டா?" என்று கேட்டால் அது தயங்காமல் ஒரு பதிலும் அழகான காரணமும் தரும். அந்தக் காரணத்துக்கும் பதிலுக்கும் உள்ளே தொடர்பு இருக்கிறதா என்று சரிபார்க்க வழியில்லை. "இந்த வரியில் சொல்லப்படும் சூழல் வகுப்பறையா, குடும்ப விசேஷமா, ஆன்லைன் குரூப்பா?" என்று வகைப்படுத்தச் சொன்னால் நன்றாகவே செய்யும். அப்போதும் இரண்டு மனிதர்கள் 200 வரிகளைத் தனித்தனியே வகைப்படுத்தி, தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கோஹனின் கப்பா கணக்கிட்டு, பிறகு மாடலை அதே அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் வரிகளை வெளிநாட்டு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புவது ஒப்புதல் படிவத்தில் எழுதப்படாவிட்டால் அது அத்துமீறல். லாமா, ஜெம்மா போன்ற தரவிறக்கக்கூடிய எல்எல்எம்களைச் சொந்தக் கணினியில் ஓட்டுங்கள்.

கண்டுபிடிக்கும் கருவியாக்கும் ஆசை

முடிவுகள் வந்ததும் யாராவது ஒருவர் சொல்வார்: "இதையே ஒரு ஆப்பாக்கி எல்லாப் பள்ளிக்கும் கொடுத்துவிடலாமே." கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 மாணவர்கள் உள்ள பள்ளி, 90 பேருக்குக் கோளாறு என்று வைப்போம். மாடல், இருப்பவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விடுகிறது. ஆய்வேட்டில் இது மரியாதையான எண்தான். 90இல் 72 பேர் பிடிபடுவார்கள், 18 பேர் விடுபடுவார்கள். மீதி 910 பேரில் 182 பேர்மீது தவறாக முத்திரை விழும். ஆகக் குறிக்கப்பட்ட 254 பேரில் உண்மையானவர்கள் 72, நூற்றுக்கு 28. பிறர் பார்வைக்கே அஞ்சும் பிள்ளையிடம் போய் "உன்னை ஒரு மென்பொருள் கவனித்துக்கொண்டே இருந்தது, உன் பெயர் பட்டியலில் வந்திருக்கிறது" என்று சொல்வது அவள் பயத்தை மெய்யாக்கும் செயல்.

பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் என்ற மதிப்புமிக்க தற்கொலைத் தடுப்பு அமைப்பு 2014 அக்டோபர் 29 அன்று 'ரேடார்' என்ற செயலியை வெளியிட்டது. நீங்கள் ட்விட்டரில் பின்தொடர்பவர் யாராவது மனம் தளர்ந்த சொற்களை எழுதினால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். யாருடைய பதிவுகள் அலசப்பட்டனவோ அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கவலையோடு பார்ப்பவருக்கு வரும் அதே எச்சரிக்கை, துன்புறுத்த நினைப்பவருக்கும் வரும் என்று மனநலப் பாதிப்பு உள்ளவர்களே எதிர்த்தார்கள். நவம்பர் 7 அன்று, பத்து நாள்கூட ஆகாமல், நிறுத்தப்பட்டது. பதிவுகள் பொதுவில்தானே இருந்தன என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

எதைத் தேர்வது

ஒரு செமஸ்டர் மட்டுமே இருக்கிறது, பள்ளி அனுமதி கிடைக்காது என்றால், ஏற்கெனவே வெளியான ரெடிட் தொகுப்பை எடுங்கள். கண்டறியும் மாடல் கட்டாமல், எந்தச் சூழல்கள் பேசப்படுகின்றன என்று தலைப்பு மாடலிங் (பதிவுகளைப் பேசுபொருள்வாரியாகத் தொகுப்பது) செய்யுங்கள். பதிவுகள் குட்டையானவை என்பதால் பழைய எல்டிஏ முறையைவிட, பெர்ட் வகை மாடலைப் பயன்படுத்தும் பெர்டாபிக் நன்றாக வரும். 'ஆங்கிலத்தில் எழுதும், வயது தெரியாத பயனர்கள்' என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். எந்தப் பதிவையும் வரிக்கு வரி மேற்கோள் காட்டாதீர்கள், தேடினால் ஆள் கிடைத்துவிடுவார்.

ஓர் ஆண்டு இருந்தால் என் தேர்வு தயக்கமில்லாமல் இரண்டாம், மூன்றாம் வழிகளின் சேர்க்கை: எல்லோருக்கும் கேள்வித்தாள், விரும்பியவர்களிடம் மட்டும் எழுத்தில்லாத நடத்தை எண்கள், எளிய ரிக்ரஷன், பிறகு ஒப்புக்கொண்ட ஏழெட்டுப் பிள்ளைகளோடு நேர்ப்பேச்சு. "இந்த மாதத்தில் குரூப்பில் நீ ஒன்றுமே எழுதவில்லை என்று காட்டுகிறதே, அப்போது என்ன நடந்தது?" என்று கேட்கக் கிடைக்கும் பதிலுக்காகத்தான் இவ்வளவு எண்களும். தரவு நன்கொடை தந்தவர்கள் 50க்குப் பதில் 20 பேராகக் குறைந்தாலும் இந்த வழியையே வைத்திருப்பேன். 20 பேரில் மாடல் கட்ட முடியாது என்றால் மாடலை விட்டுவிடலாம், வரைபடம் போட்டுப் பார்த்தாலே நிறையத் தெரியும்.

முதல் தாள் பள்ளிக்குப் போகும் முன் ஒன்று தயாராக இருக்க வேண்டும். கேள்வித்தாளிலோ தந்த வரிகளிலோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் அன்றைக்கே யார், யாரை அழைப்பது என்ற எழுத்துபூர்வ ஏற்பாடு. பள்ளி ஆலோசகர் பெயர், அவர் இல்லாத நாளில் யார், பெற்றோரிடம் யார் பேசுவது, பிள்ளையிடம் முதலில் என்ன சொல்வது. ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளும்படி அச்சடித்து, 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள். 2022 அக்டோபர் முதல் இயங்கும் இலவசச் சேவை, தமிழிலும் பேசலாம். போனில் பேசவே பயப்படும் பிள்ளைகளுக்காக, ஆலோசகரிடம் எழுத்தில் தொடர்புகொள்ளும் ஒரு வழியையும் அதன் கீழேயே கொடுங்கள்.